பெரிய ஆளு வந்தால்

ஜனவரி 14: எதிராளி 1815. வெற்றி.
பிப்ரவரி 27: எதிராளி 1790. வெற்றி.
மார்ச் 30: எதிராளி 1922. வெற்றி.
மே 2: எதிராளி 1868. வெற்றி.

இந்த எண்கள், ஆட்டக்காரரின் பலத்துக்கு இணையச் சதுரங்கத் தளம் தரும் புள்ளிகள். எங்கள் தெருவில் கடை வைத்திருக்கும் தையல் மெஷின் மெக்கானிக்கின் சொந்தப் புள்ளி அந்த மாதங்களில் 1300ஐ ஒட்டியே இருந்தது. அவருடைய திரையைப் பார்த்து நானே சரிபார்த்தேன்.

கடையில் ஒரு மெஷினைச் சாய்த்து வைத்து எண்ணெய் விடுகிறார். அது ஊறும் நேரத்தில் கைபேசியை எடுக்கிறார். விரலை முதலில் துணியில் துடைக்கிறார், பிறகு சட்டையில். எண்ணெய்க் கை பட்டால் குதிரை வழுக்கிக்கொண்டு எங்கேயோ போய் நிற்கும் என்கிறார். ஒரு நகர்த்தலுக்கு ஒரு நாள் அவகாசம் உள்ள ஆட்டம்தான் ஆடுவார். யானையைத் தொடுகிறார், விடுகிறார். சிப்பாயைத் தொடுகிறார், விடுகிறார். இவ்வளவு யோசித்து அவர் நகர்த்துவது பெரும்பாலும் தப்பாகவே முடிகிறது.

எதிர்க்கடைத் தையல்காரர் சும்மா விடுவதில்லை. "என்ன கிராண்ட்மாஸ்டர், இன்னிக்கு யாருகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டீங்க?"

"நேத்துதான் சேர்ந்தவனாம்ப்பா. ராணியையே தூக்கிட்டான்."

மே மாதம் வரை இப்படி இல்லை. "சின்ன ஆளுங்களை நான் பாத்துக்குவேன். பெரிய ஆளு வந்தா வீட்டுல கொடுத்துடுவேன்" என்பார். வீட்டில் என்றால் மனைவி. கல்லூரி அணிக்கு ஆடியவர். பக்கவாதம் பேச்சையும் வலது பக்கத்தையும் எடுத்துக்கொண்ட பிறகு கட்டிலோடு இருந்தார். இவர் திரையை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு காயாகத் தொட்டுக்கொண்டே போவார். சரியான காய் வந்ததும் அந்த அம்மாள் இடது கையால் இவர் மணிக்கட்டை அழுத்துவார். பிறகு, எந்தக் கட்டத்துக்கு என்று அதே தேடல். தவறான காயில் இவர் விரல் ஆசையாக நின்றுவிட்டால் நறுக்கென்று ஒரு கிள்ளு. "பேச்சு போச்சு, திட்டு போகலை பாருங்க" என்று அதன் தடத்தை எனக்குக் காட்டிச் சிரித்திருக்கிறார்.

மனைவிக்கென்று தனிக் கணக்குத் தொடங்க அவருக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு ஒரு மின்சார மீட்டர் மாதிரி, இதுவும் வீட்டுக்கு ஒன்று என்று நினைத்துவிட்டார்.

மே 19 அன்று அந்த அம்மாள் காலமானார். அதன் பிறகு பெரிய ஆள், சின்ன ஆள் எல்லாரிடமும் தோல்விதான். ஆகஸ்டில் தளத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பலமானவர்களை வென்றவர் புதியவர்களிடம் தொடர்ந்து தோற்பது சந்தேகத்துக்குரியது. வேண்டுமென்றே தோற்கவில்லை என்று விளக்கம் தராவிட்டால் கணக்கு மூடப்படும் என்றது.

மகள் அதைப் படித்தபோது நானும் அங்கே இருந்தேன்.

"அம்மா போனதுலேருந்து மனசு சரியில்லை, அதான் தோக்கறேன்னு எழுதுங்கப்பா. அது பொய்யும் இல்லை. கணக்கும் தப்பிச்சிடும். அம்மா ஆடினதெல்லாம் அதுக்குள்ளதானே இருக்கு?"

"அப்ப ஜெயிச்சது நான்னு ஆயிடுமேம்மா."

"ஆனா ஆகட்டுமே. யாருக்குத் தெரியப்போகுது?"

"உங்கம்மாவுக்குத் தெரியும். கிள்ளியே கொன்னுடுவா."

மகள் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் அன்று கடை திறக்கவில்லை. நான்கு தேதிகளையும் குறிப்பிட்டு, இவை என் மனைவி ஆடியவை, அவள் பெயருக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டு எழுதச் சொன்னார். மகள் அப்படியே எழுதி அனுப்பினாள்.

பதிலை அச்செடுத்துக்கொண்டு அவள் கடைக்கே வந்தாள். ஒருவர் கணக்கில் இன்னொருவர் ஆடுவது விதிமீறல். கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டது. உங்கள் மனைவி ஆடிப் பெற்ற நான்கு வெற்றிகளும் ரத்து செய்யப்பட்டன. எதிரே கேட்டுக்கொண்டிருந்த தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

"மனைவி ஆடினதுன்னா போட்டிருக்கான்?" என்று கேட்டார் மெக்கானிக்.

"ஆமாம்ப்பா. ஆனா எல்லாத்தையும்..."

"எந்த வரியில?"

மகள் காட்டினாள். அவர் தாளை வாங்கிக்கொண்டு எதிரே போய், தையல்காரரின் பலகைமேல் வைத்து நீவினார். துணியில் குறி போடும் நீலச் சாக்பீஸை எடுத்து, அந்த வரியின் கீழே மட்டும் மெதுவாகக் கோடு போட்டார்.

மேலே உள்ள நான்கு தேதிகளோடு ஐந்தாவதாக நான் சேர்ப்பது, அந்தக் கடிதம் வந்த செப்டம்பர் 23.