நீர்மூழ்கிக் கப்பலும் கால் டம்ளர் பாலும்

12 ஜனவரி 2016, செவ்வாய்க்கிழமை.

விமானம் ஆக்லாந்தில் இறங்கியபோது காலை மணி 11.20. கோலாலம்பூரிலிருந்து பத்து மணி ஐந்து நிமிடம். உணவுப் பொருள் சோதனையில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி, மிளகாய்த் தூளை முகர்ந்து தும்மிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அடியில் இருந்த நீலக் கோப்பைக் காட்டி அது என்ன என்று கேட்டார். ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வரலாறு என்றேன். விதையோ மண்ணோ உள்ளே இல்லையே என்று உறுதி செய்துகொண்டு என்னை அனுப்பினார்.

வெளியே தங்கை வசந்தி நின்றிருந்தாள். நாங்கள் பார்த்து நான்கு வருடம். பயணம் எப்படி என்று கேட்கவில்லை.

"கோப்பு வந்துச்சா அக்கா?"

மனுகாவில் உள்ள அவள் வீட்டுக்கு இருபது நிமிடக் கார்ப் பயணம். அதற்குள் விஷயம் முழுவதையும் சொல்லிவிட்டாள். வசந்தி இங்கே நர்ஸ். பதினைந்து ஆண்டுகளாக இங்குள்ள தமிழர்கள் கூடி நடத்தும் பொங்கல் விழாவுக்கு அவள்தான் வெங்காயம் நறுக்குவாள். இந்த ஆண்டு முதல்முறையாக ஒரு நாடகம் எழுதியிருக்கிறாள். இருபத்தைந்து நிமிட நாடகம். எங்கள் பினாங்கிலிருந்த ஜெர்மன் தளத்துக்கு வந்து சேர்ந்து, பிறகு நியூசிலாந்துக் கரைவரை வந்துபோன யு-862 என்ற நீர்மூழ்கிக் கப்பல்தான் அதன் நாயகன்.

நாடகத்தின் கடைசிக் காட்சியில் ஜெர்மன் மாலுமிகள் இரவில் நேப்பியர் ஊர்ப் பக்கம் கரையேறி, பண்ணை மாடுகளைக் கறந்து, பாலோடு கப்பலுக்குத் திரும்புகிறார்கள். நியூசிலாந்தில் பலருக்கும் தெரிந்த கதை இது. மாடு தயாராக இருந்தது. பழைய படுக்கை விரிப்பில் தைத்து, கறுப்புத் திட்டுகள் வரைந்திருந்தாள். முன்னங்கால்கள் அவளோடு வேலை செய்யும் இன்னொரு நர்ஸ். பின்னங்கால்கள் அவள் கணவர் மோகன்.

ஆனால் விழாவைப் பொறுப்பேற்று நடத்தும் யோகராசா மாஸ்டர் ஆதாரம் கேட்டுவிட்டார். அதற்குத்தான் என்னைக் கோப்பு திரட்டிவரச் சொல்லியிருந்தாள். ஆதாரம் இல்லையென்றால் மாடு மேடை ஏறாது. மாடு இல்லையென்றால் நாடகமே இல்லை என்றாள் வசந்தி. சொல்லும்போது சிரித்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் சிரிக்கவில்லை.

13 ஜனவரி, புதன்.

மாலை 5.30. ஒடாஹுஹு கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வாடகை மண்டபம். மாஸ்டர் பென்ரோஸ் கிடங்கில் வேலை முடித்து, ஒளிரும் மஞ்சள் மேலங்கியைக் கழற்றாமலே வந்திருந்தார். யாழ்ப்பாணத்தில் சரித்திர ஆசிரியராக இருந்தவர். வயது அறுபத்தாறு. நான் பினாங்கு மருத்துவமனையில் ஆவணப் பிரிவில் இருபத்தேழு ஆண்டுகளாக வேலை செய்கிறேன் என்றதும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கோப்பைத் திறந்து வரிசையாகச் சொன்னேன். 1944 ஜூனில் நார்வேயிலிருந்து புறப்பட்டது. வழியில் ஐந்து கப்பல்களை மூழ்கடித்துவிட்டு செப்டம்பரில் பினாங்கு சேர்ந்தது. நவம்பரில் பத்தாவியாவிலிருந்து, அதாவது இன்றைய ஜகார்த்தாவிலிருந்து, தெற்கே கிளம்பி, கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆஸ்திரேலியக் கரையருகே ஓர் அமெரிக்கச் சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. 1945 ஜனவரியில் நியூசிலாந்தின் வடமுனையைச் சுற்றிக் கிழக்குக் கரையோரம் இறங்கியது. கிஸ்பர்ன் துறைமுகத்துக்குள் இரவில் ஓசையில்லாமல் போய் வெளியே வந்தது. அடுத்தது நேப்பியர். அங்கே சுட்ட டார்ப்பிடோ குறி தவறியது. திரும்பும் வழியில் பிப்ரவரியில் இன்னொரு கப்பலை மூழ்கடித்தது. ஜெர்மனி சரணடைந்தபோது சிங்கப்பூரில் ஜப்பானியர் கைக்குப் போனது. 1946-இல் மலாக்கா நீரிணையில் பிரிட்டிஷார் அதையே மூழ்கடித்துவிட்டார்கள்.

"மாடு?" என்றார் மாஸ்டர்.

கரையிறங்கியதாக எந்தப் பதிவையும் நான் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன். போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்து ஒரு விருந்தில், அந்தக் கப்பலின் தளபதி நியூசிலாந்து விமானப்படை அதிகாரி ஒருவரிடம் சொன்ன கதை என்கிறார்கள். விளையாட்டுக்குச் சொன்னது என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள்.

வசந்தி மாட்டின் வாலைப் பின்னிக்கொண்டிருந்தாள்.

மாஸ்டரிடம் கடுமை இல்லை. எனக்கு இஞ்சித் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, நாங்கள் சண்டைக்குள்ள இருந்து வந்த ஆக்கள். சண்டையைப் பற்றிப் பகிடி விட்டுச் சிரிக்கலாம், நாங்களும் விட்டனாங்கள். நடக்காததை நடந்தது எண்டு கதைக்கிறதுதான் கூடாது. நாளைக்குப் பின்னேரம் நீங்களே ஒரு முடிவு எழுதித் தாங்கோ. நான் அதுக்குக் கட்டுப்படுறன்."

எழுதுவது என் தொழில். ஆனால் இந்தமுறை தங்கையின் பதினைந்து ஆண்டு வெங்காயம் என் பேனாமுனையில் இருந்தது.

14 ஜனவரி, வியாழன்.

காலை 5.40-க்கு வசந்தி என்னை எழுப்பினாள். ஆவணம் இல்லையென்றால் சோதனை செய்து பார்க்கலாம் என்பது அவள் யோசனை. அந்நியர் ஒருவர் கரையிலிருந்து நடந்துபோய்ப் பண்ணை மாட்டைக் கறக்க முடியுமா, முடியாதா? அவளிடம் முன்பு சிகிச்சை பெற்ற டெப் என்ற பெண்மணி கவகவா பேயில் கடலோரமாக ஒரு சிறிய பண்ணை வைத்திருக்கிறார். வீட்டுப் பாலுக்கு ஒரே ஒரு ஜெர்சி மாட்டைக் கையால் கறக்கிறார்.

மனுகாவிலிருந்து 36 கிலோமீட்டர். மோகனும் வந்தார். கிளெவ்டனில் ஒரு டெய்ரியில் (இங்கே தெருமுனைக் கடைக்கு அதுதான் பெயர்) நிறுத்தி மூன்று காப்பி வாங்கினோம், பன்னிரண்டு டாலர். அதன்பின் சாலை கடலை ஒட்டிப் போனது. நீர் தகடுபோல் கிடந்தது. எதிரே தீவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிறி நின்றன. பினாங்கு நீரிணை இந்நேரம் படகுச் சத்தத்தில் இருக்கும். இங்கே ஒரு நாய் குரைத்தது, அவ்வளவுதான்.

6.52-க்கு நீர் விளிம்பிலிருந்து கைக்கடிகாரத்தோடு நடந்தேன். தொழுவத்துக்கு 410 அடி எடுத்துவைத்தேன். நான்கரை நிமிடம். முள்கம்பி வேலியைத் தாண்டும்போது மோகன் காற்சட்டையைக் கிழித்துக்கொண்டார். ஜெர்மனிக்கு ஒரு சேதம் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

டெப் மடியைக் கழுவிவிட்டு ஒதுங்கி நின்றார். முதலில் வசந்தி உட்கார்ந்தாள். மாடு வாலால் அவள் கண்ணாடியைத் தட்டிவிட்டது. மோகன் கிட்டவே போகவில்லை.

"நீங்கதானே நாளன்னைக்கு மாடு? சொந்தக்காரங்கள பார்த்து என்ன பயம்?" என்றாள் வசந்தி.

"நான் பின்னங்கால்லா. பின்னங்கால் என்ன செய்யும்னு எனக்குத்தான் தெரியும்."

கடைசியாக நான் உட்கார்ந்தேன். இழுத்தேன், ஒன்றுமில்லை. இழுக்கக் கூடாது, மேலிருந்து விரல் விரலாக மூடிக்கொண்டு வரவேண்டும் என்று டெப் தன் கட்டைவிரலை என் கையில் கொடுத்துக் காட்டினார். ஆறாவது நிமிடம் வாளியின் அடியில் 'சர்' என்று ஒரு சத்தம். என் ஐம்பத்தொரு வயதில் நான் அத்தனை அசட்டுத்தனமாகச் சிரித்ததில்லை. ஒன்பது நிமிடத்தில் கிடைத்தது கால் டம்ளர். ஐந்து மாலுமிகள் விடியும்வரை கறந்தாலும் ஒரு கப்பலின் காப்பிக்குப் போதாது. பிறகு டெப் உட்கார்ந்து எட்டு நிமிடத்தில் வாளியை நிரப்பினார்.

எதற்காக இந்தச் சோதனை என்று வசந்தி சொன்னதும் டெப் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் வளர்ந்தது நேப்பியருக்குப் பக்கத்தில். அப்பா அந்தக் கதையை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்வாராம். ஒவ்வொரு முறையும் பண்ணை மாறும். ஒருமுறை பக்கத்து வீட்டுப் பண்ணை, இன்னொருமுறை மாமா பண்ணை. கடைசிக் காலத்தில் அவர்கள் சொந்த மாடே ஜெர்மானியருக்குப் பால் கொடுத்திருந்தது. யாரும் நம்பவில்லை, யாரும் நிறுத்தச் சொல்லவும் இல்லை என்றார்.

திரும்பும் வழியில் கோப்பைப் புரட்டி இரண்டு தேதிகளைச் சரிபார்த்தேன். மாலை 4.15-க்கு வசந்தியின் சமையல் மேசையில் உட்கார்ந்து எழுதினேன்:

'1. மாட்டைக் கறந்ததற்கு ஆதாரம் இல்லை. அந்தக் காட்சியை நடந்ததாகக் காட்டக் கூடாது.
2. கறந்ததாகத் தளபதி விருந்தில் சொன்னார் என்பது பலரும் பதிந்த செய்தி. கடைசிக் காட்சி அந்த விருந்தாக இருக்கட்டும். தளபதி சொல்லச் சொல்ல மாடு வரலாம்.
3. கப்பல் நேப்பியர் வந்தது ஜனவரி 16. நாடகம் நடப்பது ஜனவரி 16. அன்று மாட்டுப் பொங்கல்.'

மாஸ்டர் மண்டப வாசலில் நின்றபடியே படித்தார். மூன்றாவது வரியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் படித்தார்.

"ஓம். மாடு வரட்டும்," என்றார். பிறகு வசந்தியைப் பார்த்து, "மாலை நான் கொண்டு வாறன். வெறுங் கழுத்தோட விடக் கூடாது."

வசந்தி என்னைக் கட்டிக்கொண்டாள். என் பேனா மூடி எங்கோ உருண்டது. தேடவில்லை.

16 ஜனவரி, சனிக்கிழமை.

நாடகம் 11.45-க்குத் தொடங்கியது, அறிவித்ததைவிட முக்கால் மணி நேரம் தாமதம். மூழ்கிய கப்பல்களின் பெயர்களை மாஸ்டரே ஒவ்வொன்றாக வாசித்தார். மண்டபம் அமைதியாகக் கேட்டது. கடைசியில் விருந்து மேசை. தளபதி கோப்பையைத் தூக்கி, "நேப்பியர் கரையில் ஒரு ராத்திரி..." என்றதும் மாடு வந்தது. முன்னங்கால்கள் இடப்பக்கம் திரும்பின, மோகன் நேராகவே போனார். மாடு நடுவில் இரண்டானது. பின்பாதி தனியாக மேடையைச் சுற்றிவந்து முன்பாதியோடு சேர்ந்துகொண்டபோது, இங்கே பிறந்த பிள்ளைகள் நாற்காலியில் ஏறி நின்று கைதட்டினார்கள். மாஸ்டர் மேடையேறிச் செவ்வந்தி மாலையை அணிவித்தார், முன்பாதிக்கு ஒன்று, பின்பாதிக்கு ஒன்று. முன்கூட்டியே இரண்டு கொண்டுவந்திருந்தார். ஏனென்று நான் கேட்கவில்லை.

வெங்காயம் இந்தமுறை நான் நறுக்கினேன்.

18 ஜனவரி, திங்கள்.

விமான நிலையத்தில் வசந்தி அடுத்த வருட நாடகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். நீலக் கோப்பு அவளிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பெட்டி நானூறு கிராம் இலேசாக இருந்தது.

21 ஜனவரி, வியாழன். பினாங்கு.

யு-862 ஒரு காலத்தில் கட்டிக் கிடந்த துறை, நான் தினமும் வேலைக்குப் போகும் பாதையில் இருக்கிறது. இன்று சற்று நின்று பார்த்தேன். சுற்றுலாக் கப்பல் ஒன்று நின்றது. ஆக்லாந்தின் நீரைவிட இங்கே கலங்கல் அதிகம், சத்தம் அதிகம், எனக்குப் பிடித்தது இதுதான்.

மதியம் உணவகத்தில் கூட வேலை செய்பவர்கள் பயணம் எப்படி என்று கேட்டார்கள். கவகவா பே, வேலி, கடிகாரம், மாடு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மேசையைச் சுற்றி எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

"கடைசியில எவ்வளவுதான் கறந்தீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"அரை வாளி," என்றேன்.