முப்பது மூட்டை டால்க்

1. நான்கு பலகைகள்

மட்டாஞ்சேரியில் ஒரு டால்க் கம்பெனியில் கெமிஸ்டாகச் சேர்ந்த முதல் நாள், முதலாளி அஸீஸ் என்னைக் குடோனுக்குள் அழைத்துப் போனார். மாக்கல்லை அரைத்த வெள்ளைப் பொடிதான் டால்க். பெயிண்ட் கிரேடு, பேப்பர் கிரேடு, ரப்பர் கிரேடு, காஸ்மெடிக் கிரேடு என்று நான்கு பலகைகள் தொங்கின. கீழே ஒரே குவியல்.

"எது எந்த கிரேடு, முதலாளி?"

"வாங்க வர்ற ஆளைப் பார்த்தா தெரிஞ்சிடும், மோளே."

லேப் என்பது மாடிப்படிக்கு அடியில் ஒரு மேஜை, ஒரு மைக்ராஸ்கோப், தரச் சான்றிதழ் மாட்ட ஓர் ஆணி. சான்றிதழ் இன்னும் வரவில்லை. ஆணி தயாராக இருந்தது.

2. ஊசிகள்

இரண்டாம் வருடம், இடக்கொச்சியில் பேபி பவுடர் தயாரிக்கும் லிஸி சேச்சி முப்பது மூட்டை கேட்டார். சாம்பிளைப் பார்த்தேன். தகடு தகடான துகள்களுக்கு நடுவே ஊசி ஊசியாக ஏதோ தெரிந்தது. எர்ணாகுளத்தில் உள்ள பெரிய லேபுக்கு அனுப்பினேன். கல்நார் என்று ரிப்போர்ட் வந்தது. மூச்சில் போனால் நுரையீரலிலேயே தங்கிவிடும். பல வருடம் கழித்துப் புற்றுநோய்கூட வரலாம்.

முதலாளி படித்துப் பார்த்தார். "நாருதானே? டாக்டர் என்னைய தினமும் நாரு திங்கச் சொல்லியிருக்காரு."

"அது கீரையில இருக்கிற நார். இது ஆஸ்பெஸ்டாஸ், முதலாளி."

அவர் முகம் மாறியது. சற்று யோசித்துவிட்டு மிகுந்த கருணையோடு சொன்னார்: "அப்ப பிள்ளைங்களுக்கு வேண்டாம். டயர் ரீட்ரேடிங் கடைக்கு அனுப்பிடு."

"அங்க பொடி தூவுற சேட்டன்மாரும் மூச்சு விடுறவங்கதானே?"

"சரி, இது நமக்குள்ள இருக்கட்டும்."

"லிஸி சேச்சிக்கு ரிப்போர்ட்டைக் காலையிலயே அனுப்பிட்டேன்."

"உனக்குச் சம்பளம் தர்றது யாரு?"

"நீங்கதான். ஆனா நம்ம கம்பெனி ரிப்போர்ட்ல கையெழுத்து என்னோடது."

தைரியமாகச் சொன்னேனே தவிர, வேலை போயிற்று என்றே நினைத்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

3. கண்டுபிடித்தவர்

மறுநாள் லிஸி சேச்சி நேரிலேயே வந்துவிட்டார். சண்டைதான் என்று எழுந்து நின்றேன்.

"முதலாளி, ஆர்டர் கேன்சல் இல்ல," என்றார். "வேற லாட்டு தாங்க. ஆனா ஒவ்வொரு லாட்டுக்கும் இந்தக் கொச்சுப் பொண்ணு கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டு வேணும்."

முதலாளி உடனே மூன்று சாயா சொன்னார். "அதுக்குத்தானே சேச்சி கெமிஸ்ட் வச்சிருக்கேன்! கல்நாரைக் கண்டுபிடிச்சதே நான்தான்."

முப்பது மூட்டையும் சீல் வைத்து, ரிப்போர்ட்டோடு மாக்கல் வந்த சுரங்கத்துக்கே திரும்பிப் போனது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பொடி யார் மேல் விழுமோ, ரிப்போர்ட்டை முதலில் அவர்களிடம் காட்டுங்கள். பிற்பாடு முதலாளி, அதைத் தான் கண்டுபிடித்ததாகச் சொல்வார். சொல்லட்டும், சாயாவைக் குடித்துவிட்டு அடுத்த சாம்பிளை எடுங்கள்.