கிணற்றுத் தண்ணீரின் ஜாதகம்

எழுபதுகளில் விருத்தாசலத்தில் எங்கள் பரிசோதனைக்கூடம் பீங்கான் பட்டறைகளுக்குக் களிமண் சோதித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. இது போதாதென்று, சுற்றுவட்டாரக் கிணற்றுத் தண்ணீரையும் மேலிடம் எங்கள் தலையில் கட்டிவிட்டது. கெமிஸ்ட் என்று இருந்தது நான் ஒருத்தி. எனக்கு மேலே ஓர் அதிகாரி. அவருக்குத் தண்ணீரைவிட லேபிள் மேல்தான் பிரியம்.

எந்த ஊர், எந்தக் கிணறு, எந்த நாள், யார் கையிலிருந்து யார் கைக்கு என்று எல்லாம் லேபிளில் இருக்கும். நட்சத்திரத்தையும் ராசியையும் சேர்த்திருந்தால் பாட்டிலுக்குப் பெண்ணே பார்த்திருக்கலாம். லேபிள் கோணலாகிவிட்டால் அதிகாரிக்கு அன்று சாப்பாடு இறங்காது. தண்ணீரை நாங்களே நேரில் போய் எடுக்க வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. ஜீப்புக்கோ அவர் வீட்டுக்குக் காய்கறி வாங்கிவரவே நேரம் போதவில்லை. அதனால் பாட்டிலை ஊர்க்காரர்களிடமே கொடுத்தனுப்பிவிட்டு, 'எடுத்தவர்' என்ற இடத்தில் அவர் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து அழகாக இருக்கும்.

நல்லூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் பஸ் பிடித்து வருவார். தெருக் கிணற்றுத் தண்ணீரால் பிள்ளைகளுக்கு ஓயாத வயிற்றுப்போக்கு. தண்ணீர் கெட்டது என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால்தான் அங்கே அடிபம்பு போடுவார்கள். இரண்டு முறை கொண்டுவந்தார். இரண்டு முறையும் 'குடிக்க உகந்தது' என்றே முடிவு வந்தது. அதிகாரி லேபிளைத் தடவிப் பார்த்து, இதில் தவறு வர வழியே இல்லை என்றார்.

அடுத்த பாட்டிலோடு வந்தபோது அம்மாள் அழாத குறை.

"கடைசிப் பொண்ணு எழுந்து நிக்க முடியாம கெடக்குதுங்க. நல்ல தண்ணின்னு எப்படிங்க எழுதறீங்க?"

எனக்கும் அதே ஆத்திரம்தான். லேபிளில் இல்லாத கேள்வி ஒன்றைக் கேட்டேன்: "பாட்டில்ல எப்படிம்மா புடிச்சீங்க?"

"கொடத்துல மொண்டாந்து, நல்லா கொதிக்க வெச்சு, வெள்ளைத் துணியில வடிகட்டிதாங்க ஊத்தனேன். ஆபீசருங்க குடிச்சுப் பாக்கறதாச்சே!"

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. யாரும் குடிப்பதில்லை என்று அவருக்கு நாங்கள் சொல்லியிருந்தால்தானே?

"புள்ளைங்களுக்கும் காய்ச்சித்தான் குடுக்கறீங்களா?"

"தெனமும் அவ்ளோ வெறகுக்கு எங்கங்க போறது?"

சிரிப்பு அதோடு நின்றது. காலி பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டு அவருடனேயே பஸ் ஏறினேன். காய்கறிக்குப் போன ஜீப் எதிரே வந்தது.

கிணற்றில் நானே இறைத்து, பாட்டிலை நிரப்பி மூடினேன். நான் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அம்மாள் அடுப்பு மூட்டி, தண்ணீர் காய்ச்சி, ஆற்றி, ஒரு லோட்டாவில் எனக்குக் கொண்டுவந்தார். பாயில் கிடந்த கடைசிப் பெண் தண்ணீர் கேட்டாள். அம்மாள் குடத்தில் மொள்ளப் போனார். நான் என் லோட்டாவை அவள் வாயருகே கொண்டுபோனேன்.

"அய்யோ, வேணாங்க," என்று பதறி ஓடிவந்தார் அம்மாள். "அது ஒங்களுக்குன்னு காய்ச்சினதுங்க!"