கிணறு வெட்டியவர்களின் பெயர்கள்

மாசி முடிந்து வெயில் ஏறியதும் ஓரிக்கையில் எங்கள் காலனி முழுக்கப் புளி வாசனைதான். கடைக்காரர்கள் கொடுத்தனுப்பும் புளியை வேப்ப மரத்தடியில் கொட்டி, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கொட்டை எடுப்பார்கள். கைக்கு வேலை இருந்ததால் வாய்க்குக் கதை வேண்டியிருந்தது, கதை என்றால் செல்லம்மா அத்தைதான். ராஜா ராணியெல்லாம் அவரிடம் கிடையாது. ரோடு போட்டது யார், மாதா கோயில் சுவரை எழுப்பியது யார், ஊர்க்கிணற்றில் எங்களுக்கு இடமில்லாத காலத்தில் காலனிக்கென்று கிணறு வெட்டியது யார் என்பதுதான் அவருடைய சரித்திரம். வேறு யாராவது "ஆளுங்க வந்து வெட்னாங்க" என்று சொல்லிவிட்டால் அத்தைக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "ஆளுங்கன்னா யாருமா? அவங்களுக்குப் பேரு இல்லியா?" என்று பிடித்துக்கொள்வார்.

இத்தனை பெயர் சொன்ன வாய் ஒரு பெயரை மட்டும் சொல்லாது. கிணறு வெட்டியவர்களில் காலமாகிவிட்ட அவருடைய கணவரும் ஒருவர். புருஷன் பெயரைச் சொல்வது அந்தக் காலத்துப் பெண்களுக்கு ஆகாது. அவர் பெயர் சின்னசாமி என்பதால் சின்ன காஞ்சிபுரத்தைக்கூட அத்தை "பெருமாள் கோயிலாண்ட" என்பார். பஸ் கண்டக்டர்கள் பாடு திண்டாட்டம். கதையில் அந்த இடம் வந்ததும் அவர் நிறுத்துவார், பிள்ளைகள் நாங்கள் "சின்னசாமி!" என்று கத்துவோம், கதை மேலே போகும்.

ஒரு கோடையில், பக்கத்து நிலத்தை வாங்கியவர் கிணறும் தனக்கே என்று வேலி போட வந்தார். எங்களிடம் பத்திரம் ஏது? கிணறு போனால் குடிதண்ணீருக்குப் பாலாற்று மணலைத்தான் தோண்ட வேண்டும். விசாரிக்க வந்த அதிகாரி, வெட்டியவர் குடும்பத்தில் யாராவது சாட்சி சொல்லுங்கள் என்றார். அத்தை எழுந்து, முதல் மண்வெட்டி பிடித்தவரில் தொடங்கி வரிசையாகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்து, வழக்கமான இடத்தில் நின்றுவிட்டார். நாங்கள் கத்தினோம்.

"பசங்க சொன்னா எழுத முடியாதுமா. உங்க வீட்டுக்காரர் பேர நீங்கதான் சொல்லணும்" என்றார் அதிகாரி.

நிலம் வாங்கியவர் சிரித்தார். அத்தைக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "சின்னசாமி! உள்ள பாற வந்து எல்லாரும் பயந்துக்கினு மேல ஏறிட்டப்ப தனியா எறங்குனவரு சின்னசாமி. எழுதிக்கோபா!"

அப்படியொரு துணிச்சலை அதற்குப் பிறகு நான் யாரிடமும் பார்த்ததில்லை. அதிகாரி அதை எழுதிக்கொண்டு கிணறு காலனிக்குத்தான் என்றதும், வேலி போட வந்தவர் கல்தூண்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

இன்று வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது, கிணற்றுக்குக் கம்பி வலை போட்டாயிற்று, புளி பாக்கெட்டில் கிடைக்கிறது. அத்தையும் இல்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு கணவரின் பெயரைச் சொல்லாமல் அவர் ஒரு நாளும் இருந்ததில்லை. படுக்கையில் விழுந்த கடைசி நாட்களில், யார் வாசலில் செருப்பைக் கழற்றினாலும் தலையைத் தூக்கி, "சின்னசாமி வந்துட்டாரா பாரு" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.