ஒண்ணும் ஆயிறாது அம்மணி

போன புரட்டாசியில என்ற இடது கால் சுண்டுவிரல் புண்ணு வெச்சு ஓரமெல்லாம் கறுத்துப்போச்சுங்க. ஆர்.எஸ்.புரத்து டாக்டரம்மா பார்த்துட்டு, "ரெண்டு வாரத்துல சக்கரை இறங்கலீன்னா விரலை எடுக்கோணுமுங்க"ன்னு சொல்லிப்போட்டாங்க. ஆட்டோவுல உக்காந்து ஓன்னு அழுதேன். எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

சக்கரை வந்து ஒம்பது வருசம். இன்சுலின் ஊசி எழுதிக் குடுத்து ஒரு வருசம். போட்டயான்னு கேளுங்க. எங்க போட உட்டாங்க? எங்கூட்டுக்காரரோட அக்கா, என்ற நங்கையா, பெரிய மகாராணி, சட்டம் போட்டுட்டாங்க. "உன்ற பையனுக்குப் பொண்ணு பாக்கற நேரம். ஊசி போடற ஊடுன்னு தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான்?" அதனால ஃபிரிட்ஜுல கறிவேப்பிலைக் கவருக்குள்ள ஒளிச்சு வெச்சேன். விருந்தாடி வந்தா அன்னைக்கு ஊசி கிடையாது. எங்கூட்டுக்கு விருந்தாடி வராத நாளு ஏது? அவங்க முன்னாடி இனிப்பும் திங்கோணும், இல்லீன்னா சந்தேகம் வந்திருமாம். ஊசி போட்டா கௌரவம் போயிருமாம், விரல் போனா போகாதாமா! தூ, நல்ல கௌரவம். எங்கூட்டுக்காரருக்கோ அக்கா சொன்னா மறுபேச்சு இல்லை. புண்ணைக் காட்டுனா, "செருப்பு கடிச்சிருக்கும்"னு பேப்பரைத் திருப்பிக்குவார்.

பஜனைக் கூட்டத்து அக்கா தங்கச்சிகளா, உங்களையும் நான் உடறதா இல்லை. சனிக்கிழமை சனிக்கிழமை சக்கரைப் பொங்கலைக் கையில வெச்சு, "பெருமாள் பிரசாதமுங்க, ஒண்ணும் பண்ணாது"ன்னது நீங்கதான். பெருமாள் என்ன, என்ற ரத்தத்துல இருந்து சக்கரையப் பொறுக்கி எடுத்துட்டுப் போவாராக்கும்? அதையும் வாங்கி முழுங்குனேன் பாருங்க, என்னையத்தான் செருப்பால அடிக்கோணும்.

காரமடைக்குப் போனேன். ரங்கநாதர் முன்னாடி நின்னு, "விரலைக் காப்பாத்து சாமி"ன்னு கேட்டேன். அப்பறம், "இந்த வெக்கத்தையும் எடுத்துரு ரங்கா"ன்னேன். அதை ஏன் கேட்டேன்னு எனக்கே தெரியலீங்க.

அடுத்த ஞாயித்துக்கிழமை பெருந்துறையில இருந்து பொண்ணு ஊட்டுக்காரங்க எங்கூட்டைப் பாக்க வந்தாங்க. எல்லாரும் பந்தியில உக்காந்தாச்சு. நங்கையா என்ற இலையில ஜிலேபிய வெச்சு, "தின்னு அம்மணி, ஒண்ணும் ஆயிறாது"ன்னாங்க. வாய் சிரிக்குது, கண்ணு மிரட்டுது. எனக்குக் காலு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. மனசுக்குள்ள "ரங்கா"ன்னேன். எந்திரிச்சுட்டேன். "எனக்கு வேண்டாமுங்க. எனக்குச் சக்கரை. ஊசி போட்டுட்டு வாரேன்." என்ற குரல்தானான்னு எனக்கே சந்தேகம்.

நங்கையா மூஞ்சி செத்துப்போச்சு. பொண்ணோட அப்பா மோரு கூடக் குடிக்காம, "போயிட்டுச் சொல்றமுங்க"ன்னு கிளம்பிட்டார். இன்னும் சொல்லலை. சக்கரை போன் வழியா ஒட்டிக்கும்னு பயந்துட்டாரோ என்னமோ! போகட்டும், அந்தச் சம்பந்தம் எனக்கு வேண்டாம்.

அன்னையில இருந்து எல்லார் கண்ணு முன்னாடியும் நேரத்துக்கு ஊசி. தினம் போய்க் கட்டு மாத்திக்கிட்டேன். டாக்டரம்மா சொன்ன ரெண்டு வாரம் முடிஞ்சதும் அவங்க கட்டைப் பிரிச்சுப் பார்த்து, "விரல் தப்பிச்சுதுங்க"ன்னாங்க. விரலைக் கேட்டேன், ரங்கர் வாயைக் குடுத்தார், விரல் பின்னாலயே வந்துருச்சு. இப்ப எங்கூட்டுல காப்பிக்குச் சக்கரை போடறதில்லை. நங்கையாவும் வரதில்லை. ரெண்டுமே உடம்புக்கு நல்லதுதான்.

நேத்து ஒரு போன். அந்தப் பொண்ணோட அம்மா. "ஏனுங்க, எனக்கும் ஆறு வருசமா சக்கரைங்க. ஊட்டுல யாருக்கும் தெரியாது. நீங்க எந்திரிச்சதுல இருந்து எனக்கு மனசே சரியில்லீங்க"ன்னு குசுகுசுன்னு பேசி அழுகறாங்க. அன்னைக்கு என்ற எதிர்ல உக்காந்து ரெண்டு ஜிலேபி தின்ன மகராசிங்க அவங்க. எனக்கும் அழுகை வந்துருச்சு.

உங்கள்ள எத்தனை பேரு ஒளிச்சு வெச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். பெருமாளை நம்புங்க. கேளுங்க. கேட்டுப்போட்டு வாயைத் தொறந்து சொல்லுங்க. நாளைக்குக் காலையில அந்தம்மாவைக் கூட்டிக்கிட்டு டாக்டரம்மாகிட்டப் போறேன். இன்னும் யாரு வாரீங்க?