வலைக்கயிற்றில் காயும் ஏரி

பழவேற்காட்டுக் கரையில், வலை காயும் கயிற்றில் ஒரு வரைபடமும் காய்கிறது. ஏரியின் பழைய படம். சென்னை ஆவணக் காப்பகத்தில் வாங்கிய நகல். படகில் வரும்போது நனைந்துவிட்டதாம். வாங்கிவந்த மேரியக்கா, தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிப்பவர்.

"படத்த எதுக்குப் பாக்கணும்னு ஃபாரத்துல கேட்டாங்க. எறானு எழுதினேன். குடுத்துட்டாங்க!"

ஆராய்ச்சிக்காக அதே படிவத்தில் பக்கம் பக்கமாக எழுதிய எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

சுற்றி நிற்கும் பெண்கள் படத்தில் தங்கள் ஊரைக் கண்டுபிடித்துக் கூச்சலிடுகிறார்கள். மேரியக்காவின் விரல் மட்டும் ஓரிடத்தில் நிற்கிறது.

"இங்க பள்ளம்னு போட்டுக்கீறான். மேடு இது. தெனம் குந்திக்கினு எறா தடவுற எடம்."

"அந்தக் காலத்தில் பள்ளமாக இருந்திருக்கும் அக்கா" என்றேன்.

"இன்னா பள்ளம்? எங்கம்மா, அவங்கம்மா எல்லாம் குந்தின எடம். பாக்க விட்டாங்க இல்ல? திங்கக்கெழமை மறுபடியும் காப்பகத்துக்குப் போறேன். திருத்தவும் விடட்டும்."