சிவப்பையும் காணும் பிலிம்

"...சிவப்பு பல்பு ஒண்டும் செய்யாதெண்டு நீங்கதானே சொன்னீங்க. இருட்டுக்குள்ள நிண்டு தடவுறீங்களே எண்டு பாவம் பார்த்துப் போட்டேன்," என்றாள் மனைவி, குளியலறைச் சுவிட்சில் கை வைத்தபடி.

"நூத்துடு புள்ள, லைட்ட நூத்துடு."

பிலிம் பாதி கழுவும் டப்பாவுக்குள், பாதி என் விரல்களில். மறுபடியும் இருட்டு.

நான் சொன்னது படம் அச்சுப்போடும் கடதாசிக்கு. அதற்குச் சிவப்புத் தெரியாது. பிலிமில் பூசிய வெள்ளி உப்புக்கும் இயல்பில் தெரியாதுதான். சாயம் சேர்த்துக் காணப் பழக்கிவிட்டார்கள். அந்த உப்பைப் பிடித்துவைப்பது மாட்டுத்தோலும் எலும்பும் காய்ச்சிய பசை; மாடு கடுகுச் செடி மேய்ந்திருந்தால் பிலிமுக்குக் கண் இன்னும் கூர்மையாம். இதையெல்லாம் வாசித்துக் கல்முனை முழுக்கக் கதைத்துத் திரிந்தவன், சாயக் கதையை வீட்டில் சொல்லவில்லை.

உருளில் இருந்தது அவளுடைய தங்கச்சி. பிள்ளை பெற்ற நாற்பது நாளுக்குள் மௌத்தாகி அடக்கமாகிவிட்டாள். அடையாள அட்டை சுனாமியோடு போனது. வயிற்றுப் பிள்ளையோடு நின்றவளை என் கமெராவில் மனைவி எடுத்த இந்த ஒன்றுதான் மிச்சம். எங்கள் பெண்களின் முகத்தை அந்நிய ஆண் கழுவிப் பார்ப்பதா என்று மாமனார் ஸ்டூடியோவுக்குக் கொடுக்க விடவில்லை. போன வருடம் அவரும் மௌத்தான பிறகுதான் மனைவி உருளை வெளியே எடுத்தாள். அதற்குள் கழுவ ஸ்டூடியோவே இல்லை; நானே பழகினேன். உம்மாவின் முகம் அறியாமலே வளர்ந்த தங்கச்சியின் மகளுக்கு நாங்கள் இதைச் சொல்லவில்லை. ஒன்றும் வராவிட்டால் என்ன பதில் சொல்வது?

பிலிமைத் தடவித் தடவிச் சுற்றி டப்பாவை மூடினேன். மருந்தை ஊற்றினேன்.

"ஒரு செக்கன்தானே பல்பு பத்தினது?" என்றாள்.

"அந்தப் படம் எடுத்தது அதிலயும் குறைஞ்ச நேரத்தில புள்ள."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். வெளிச்சம் பட்ட உப்பு மணியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி வெள்ளிதான் சேரும். அதைப் பிடித்துக்கொண்டு மருந்து முழு மணியையும் கறுப்பாக்கும். எது தங்கச்சி மேல் பட்ட வெயில், எது இந்தப் பல்பு என்று மருந்து பார்க்காது. பத்து நிமிடமும் அவள் கதவுக்கு வெளியே நின்று யாசீன் சூரா ஓதினாள். நான் டப்பாவைக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்தினேன்.

கழுவி எடுத்தேன். முதல் முழம் கரி. அடுத்ததும் கரி. உள்சுற்றில், புகைக்குள் நிற்பதுபோல ஒரு பெண்; நெகட்டிவ் ஆனபடியால் முகம் கறுப்பு, முக்காடும் கறுப்பு, கண் இரண்டும் வெள்ளை.

"இரிக்கா," என்றேன்.

மனைவி பார்க்கவில்லை. போனை எடுத்து, தங்கச்சியின் மகளிடம், "மகள், வேலை கிடந்தாலும் பரவாயில்ல, இப்பவே வாங்க," என்றாள்.